ஸ்டாக் தீர்ந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது: குழந்தைகள் கேஷுவாலிட்டியில் மருந்துத் தட்டுப்பாட்டுக்குத் தயாராவது எப்படி

மருந்து தட்டுப்பாடு வரப்போகிறது என்று யாரும் நமக்குக் கடிதம் போட்டுச் சொல்வதில்லை. "ஷார்ட் சப்ளை சிஸ்டர், அடுத்த வாரம் பாப்போம்" என்று ஸ்டாக்கிஸ்ட் கடைப் பையன் போனில் சொல்வான். இருபது கேட்ட இடத்தில் ஆறு வரும். வழக்கமாக வரும் கம்பெனிக்குப் பதில் வேறு கம்பெனி வரும், அல்லது அதே மருந்து வேறு ஸ்ட்ரென்த்தில் வரும். எக்ஸ்பைரிக்கு மூன்று மாதமே பாக்கியுள்ள சரக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குழந்தைகள் கேஷுவாலிட்டியின் பொறுப்பு நர்ஸ் நான். காய்ச்சலில் ஜன்னி கண்ட பிள்ளைகள் வருவார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்துவிட்டால் இளைப்போடு வரிசையாக வருவார்கள். ரப்பர் தோட்டத்தில் பாம்பு கடித்தது, விறகு எடுக்கப் போய்த் தேள் கொட்டியது, கடற்கரை ஊரிலிருந்து வயிற்றுப்போக்கில் துவண்டு வந்தது என்று எல்லாம் உண்டு. எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிற நர்சுகள், பார்மசிஸ்டுகள், டாக்டர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

மருந்து இல்லை என்பதைவிட, பழக்கமில்லாத மாற்று மருந்தை நடுராத்திரியில் கையில் எடுப்பதுதான் எனக்கு அதிகப் பயம். பெரியவர்களுக்கு ஒரு ஆம்பூல் என்றால் ஒரு ஆம்பூல்தான். பிள்ளைகளுக்கு எடை பார்த்து, கணக்குப் போட்டு, கலக்கி, அதிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு ஏறிவிடும். அதனால் ஸ்டாக் சேர்ப்பது பாதி வேலைதான். எது தீர்ந்தால் எதை எடுப்பது, அதை எப்படிக் கலப்பது என்று பகல் வெளிச்சத்தில் முடிவு செய்து எழுதி வைப்பது மீதிப் பாதி.

எந்த மருந்துகள்?

பார்மசி ரேக்கில் இருக்கிற எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது. டாக்டர், பார்மசிஸ்ட், நர்ஸ் மூவரும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே கேள்வி: இது பத்து நிமிஷத்துக்குள் கைக்கு வராவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அட்ரினலின், டெக்ஸ்ட்ரோஸ், ஜன்னியை நிறுத்தும் மருந்துகள், சால்ப்யூட்டமால், டெக்ஸாமெத்தசோன், அட்ரோபின், சலைன், பாம்புக்கடி மருந்து, பிரசோசின், கால்சியம் குளுக்கோனேட், மக்னீசியம் சல்பேட், செஃப்ட்ரியாக்ஸோன், கெட்டமின். எங்கள் பட்டியல் ஏறத்தாழ இவ்வளவுதான். கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. தனி லைசென்ஸ், தனி ரிஜிஸ்டர் இல்லாமல் வைக்க முடியாது, பக்கத்து ஆஸ்பத்திரியில் கைமாற்றாகவும் வாங்க முடியாது. அதற்கு மட்டும் மற்றவற்றைவிட முன்கூட்டியே ஆர்டர் போடுங்கள்.

எவ்வளவு வைப்பது?

மாதத்துக்குச் சராசரியாக எத்தனை செலவாகிறது என்று பார்த்து ஆர்டர் போடுவதுதான் பார்மசி வழக்கம். அவசர மருந்துகளுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. மிக மோசமான நிலையில் வரும் ஒரே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று போடுங்கள்.

பூச்சிமருந்து குடித்துவிட்ட 15 கிலோ பிள்ளை வருகிறது என்று வையுங்கள். அட்ரோபின் கிலோவுக்கு 0.05 மி.கி. என்று தொடங்கினால் முதல் டோஸ் 0.75 மி.கி. நெஞ்சில் நீர் வற்றாவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்க வேண்டும். 0.75, 1.5, 3, 6 என நாலே டோஸில் 11.25 மி.கி. ஆகிவிடும். 0.6 மி.கி. ஆம்பூலில் கணக்குப் பார்த்தால் கால் மணி நேரத்துக்குள் 19 ஆம்பூல். டிரேயில் ஐந்து ஆம்பூல் வைத்துவிட்டு "அட்ரோபின் இருக்கு" என்று டிக் அடித்துப் பிரயோஜனம் இல்லை.

குரூப் (குரல்வளை வீங்கும் நோய்) வந்து மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்கிற 10 கிலோ பிள்ளைக்கு அட்ரினலின் நெபுலைஸ் செய்தால் கிலோவுக்கு அரை மி.லி., அதாவது ஒரே தடவைக்கு ஐந்து ஆம்பூல். பாம்புக்கடி மருந்தில் பிள்ளைக்கென்று குறைந்த அளவே கிடையாது. உடம்பில் ஏறிய விஷத்துக்குத்தான் மருந்து. உடம்பின் எடைக்கு அல்ல. முதலில் 8 முதல் 10 வயல் (மருந்துக் குப்பி), ரத்தம் உறையாவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும். ஒரு பிள்ளைக்கே 20 வயல் போய்விடலாம்.

இப்படி வரும் எண்ணை இரண்டால் பெருக்கி, அதற்குக் கீழே ஸ்டாக் இறங்கினால் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அந்த மாதங்களுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மரங்கள் ரோட்டில் சாய்ந்தன, கரண்ட் பல நாள் வரவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கமும் களியக்காவிளைப் பக்கமும் ஒரே நாளில் அடைபட்டால் வெளியிலிருந்து ஒரு பெட்டிகூட உள்ளே வராது. இதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதற்காக ஆறு மாதச் சரக்கை அள்ளி வைத்துக்கொள்வது சரியில்லை. நம் அலமாரியில் எக்ஸ்பைரி ஆகிற ஆம்பூல், குளச்சலிலோ குழித்துறையிலோ வேறொரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போன ஆம்பூல். இதில் எனக்குக் கொஞ்சமும் சமரசம் கிடையாது.

வரும் வழி இரண்டாக இருக்கட்டும்

அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கு வழியாக வருகிறது. பாஸ்புக்கில் ஒதுக்கீடு இருக்கும், இல்லாதபோது உள்ளூர்க் கொள்முதல். எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்டாக்கிஸ்ட்தான். இரண்டு ஸ்டாக்கிஸ்ட் வைத்திருக்கிறோம் என்று திருப்திப்படாதீர்கள். இருவருக்கும் ஒரே டிப்போவிலிருந்து சரக்கு வந்தால் அது ஒரே வழிதான். "அண்ணாச்சி, இது உங்களுக்கு எங்கேருந்து வருது?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நான் கேட்டபோது யாரும் மறைத்ததில்லை. ஒரே மருந்தை இரண்டு வெவ்வேறு கம்பெனியில் வாங்கிப் பழகுவதும் நல்லது. ஒரு கம்பெனி உற்பத்தியை நிறுத்தினாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

தட்டுப்பாட்டு நேரத்தில் பில் இல்லாமல், தெரியாத ஆள் மூலம் வரும் சரக்கைத் தொடவே கூடாது. 2025-இல் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்து மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். அப்படி ஒரு பேட்சைத் திரும்பப் பெறச் சொன்னால், எந்த பேட்ச் எந்தப் பிள்ளைக்குப் போனது என்று நம் ரிஜிஸ்டரைப் பார்த்து உடனே சொல்ல முடிய வேண்டும். பேட்ச் நம்பர் எழுதுவது வெறும் எழுத்து வேலை என்று புது நர்சுகள் நினைத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மாற்று அட்டை

இதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒரு அட்டை. மேலே வழக்கமான மருந்து, கீழே அது இல்லாவிட்டால் எது, அதற்கும் கீழே மூன்றாவது. கிலோவுக்கு இத்தனை மி.கி. என்று மட்டும் எழுதினால் போதாது. 5, 10, 15, 20 கிலோவுக்கு எத்தனை மி.லி. ஊசியில் எடுக்க வேண்டும் என்று எழுத வேண்டும். நான் கீழே சொல்லும் அளவுகளை உங்கள் குழந்தை டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே டிரேயில் ஒட்டுங்கள்.

ஜன்னி அட்டையை எடுத்துக்கொள்வோம், பிள்ளை 10 கிலோ. முதல் மருந்து லோராசெபாம், கிலோவுக்கு 0.1 மி.கி., ஆக 1 மி.கி. அது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து, அடிக்கடி கிடைக்காமலும் போகும். மாற்று, தசையில் போடும் மிடசோலாம், கிலோவுக்கு 0.2 மி.கி., ஆக 2 மி.கி. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதுவே கைகொடுக்கும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மிடசோலாம் ஒரு மி.லி.யில் 1 மி.கி. உள்ள வயலாகவும் வருகிறது, ஒரு மி.லி.யில் 5 மி.கி. உள்ள ஆம்பூலாகவும் வருகிறது. அதே 2 மி.கி.க்கு முதலாவதில் 2 மி.லி., இரண்டாவதில் 0.4 மி.லி. அட்டையில் இரண்டையும் எழுதி, இன்று டிரேயில் எது இருக்கிறதோ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறோம். சரக்கு மாறினால் வட்டத்தையும் மாற்ற வேண்டும். அது காலை ஷிஃப்ட் நர்ஸின் பொறுப்பு. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே என்றால் ஒரு தடவை அழுத்தினால் எத்தனை மி.கி. என்று லேபிளைப் பார்த்து எழுதுங்கள், அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அதிலும் நிற்காத ஜன்னிக்கு ஃபெனிடாயின் இல்லையே என்று பதற வேண்டியதில்லை. லெவெடிராசெட்டாம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்புரோயேட் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வேலை செய்கின்றன என்று 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. 10 கிலோவுக்கு லெவெடிராசெட்டாம் 400 முதல் 600 மி.கி., ஒரு மி.லி.யில் 100 மி.கி. என்பதால் 4 முதல் 6 மி.லி., நீர்க்கச் செய்து பத்து நிமிஷத்தில். ஃபெனிடாயின் என்றால் 200 மி.கி., சலைனில் மட்டும், 20 நிமிஷத்துக்குக் குறையாமல், மானிட்டர் போட்டு. டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் திரிந்துவிடும். ஃபாஸ்ஃபெனிடாயின் லேபிளில் 75 மி.கி. என்று இருந்தால் அது 50 மி.கி. ஃபெனிடாயினுக்குச் சமம். இந்த ஒரு வரியை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

சர்க்கரை இறங்கிய பிள்ளைக்கு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. அது இல்லாவிட்டால் 10 சதவீதத்தில் கிலோவுக்கு 5 மி.லி., இரண்டிலும் போவது ஒரே அளவு சர்க்கரைதான். 25 சதவீதம் இருந்து 10 சதவீதம் இல்லையென்றால், 5 சதவீதம் 75 மி.லி.யோடு 25 சதவீதம் 25 மி.லி. கலந்தால் 10 சதவீதம் 100 மி.லி. கிடைக்கும். 50 சதவீத ஆம்பூல்தான் இருக்கிறது என்றால் அதே அளவு ஸ்டெரைல் வாட்டர் சேர்த்து 25 ஆக்கிக்கொள்ளுங்கள். 50-ஐ அப்படியே பிள்ளையின் நரம்பில் ஏற்றவே கூடாது.

இளைப்புக்கு நெபுலைசர் ரெஸ்பியூல் (நெபுலைசரில் ஊற்றும் மருந்து) தட்டுப்பாடு வந்தால் நான் கவலைப்படுவதே இல்லை. இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலர் மருந்தைப் பிடித்து வைக்கும் குழாய்) இருந்தால் போதும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு நெபுலைசருக்குக் கொஞ்சமும் குறையாத பலன் கிடைக்கும். ஸ்பேசரும் இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குச் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, விளிம்பைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டுங்கள். பாட்டில் வாயைப் பிள்ளையின் உதட்டுக்குள் வைத்து, ஒரு பஃப் அடித்து ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்த பஃப். 4 முதல் 8 பஃப், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை. கைக்குழந்தைக்கு மட்டும் முகமூடி வேண்டும். பாட்டிலை ஸ்பேசராக்குவதை உலக சுகாதார நிறுவனத்தின் கையேடே சொல்லித் தருகிறது. கரண்ட் இல்லாத ராத்திரியிலும் இது வேலை செய்யும். நெபுலைசர் செய்யாது. இப்படி நாலைந்து பாட்டில் செய்து கவரில் போட்டு வையுங்கள், பிள்ளைக்கு ஒன்று, பகிரக் கூடாது. பிரட்னிசலோன் சிரப் கிடைக்காத நாளில் டெக்ஸாமெத்தசோன் கிலோவுக்கு 0.6 மி.கி. ஊசி மருந்தையே வாய் வழியாகக் கொடுக்கலாம், ஒரு மி.லி.யில் 4 மி.கி. உள்ள மருந்து என்றால் 10 கிலோவுக்கு 1.5 மி.லி. குரூப்புக்கும் இதுவே, அதனால் அட்ரினலின் மிச்சமாகும்.

அட்ரினலினுக்கு மட்டும் அட்டையில் மாற்று என்று எதுவும் எழுதாதீர்கள். அலர்ஜியில் மூச்சடைத்து வரும் பிள்ளைக்கு ஏவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அட்ரினலினுக்கு ஈடாகவே ஆகாது. ஸ்டாக் குறைந்தால் பத்து ஆம்பூலை சீல் வைத்த கவரில் போட்டு, "அலர்ஜி, இதயம் நின்றால் மட்டும்" என்று எழுதித் தனியே எடுத்து வையுங்கள். குரூப் நெபுலைசேஷன், ஓய்வில் இருக்கும்போதே சத்தம் கேட்கிற பிள்ளைக்கு மட்டும் என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

தேளும் பாம்பும்

செந்தேள் கொட்டி, கை கால் சில்லிட்டு வியர்த்து வரும் பிள்ளையின் இதயத்தைக் காப்பது பிரசோசின். மகாராஷ்டிரத்தில் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் செய்த வேலையால்தான் இன்று நாடு முழுக்க இதைக் கொடுக்கிறோம். அளவு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். விலை குறைந்த மாத்திரைதான், ஆனால் பிரஷர் நோயாளிகளுக்கென்று வரும் மெதுவாகக் கரையும் மாத்திரையே கடைகளில் அதிகம் இருக்கிறது. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, பிள்ளைகளுக்கு அது உதவாது. ஆர்டரில் "சாதா 1 மி.கி." என்று தெளிவாக எழுதி, வந்ததும் மாத்திரை ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். 1 மி.கி. மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் நன்றாகக் கலக்கி, 10 கிலோ பிள்ளைக்கு 3 மி.லி. கொடுத்தபின் படுத்தே இருக்க வேண்டும். அம்மா தோளில் தூக்கிப்போட்டால் பிரஷர் இறங்கி மயங்கிவிடும்.

பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். பேச்சிப்பாறை, கோதையாறு பக்க மலையில் இருக்கும் குழிவிரியன் வகைக்கு அது கேட்காது. விஷம் ஏறிய அறிகுறி இல்லாமல் பயத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு வயலும் வீண். சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உறையாமல் ஓடினால், அல்லது இமை தொங்கினால், மருந்து. அந்தக் கண்ணாடி டியூபும் ஸ்டாக் பட்டியலில் இருக்கட்டும். பிளாஸ்டிக் டியூபில் இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது.

யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு ஆஸ்பத்திரிகள், பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் என்று கேஷுவாலிட்டி நம்பர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பார்மசிஸ்டுகள் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்து, வாரம் ஒருமுறை தட்டுப்பாட்டு மருந்துகளின் நிலவரத்தைப் போட்டால் இன்னும் நல்லது. எக்ஸ்பைரி நெருங்கும் சரக்கை நோயாளி அதிகம் வரும் இடத்துக்குக் கொடுத்து, புதிதாக வரும்போது திரும்ப வாங்கலாம், ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு. பிள்ளையை ஆசாரிப்பள்ளத்துக்கோ, எல்லை தாண்டி திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவதென்றால் முதலில் போன் போட்டு அங்கே மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்த மருந்து, அளவு, நேரம் மூன்றையும் எழுதி 108 ஊழியரின் கையில் கொடுங்கள். மாற்று மருந்து கொடுத்திருந்தால் அடிக்கோடு போட்டு எழுதுங்கள்.

பெற்றோருக்கு

ஜன்னி மாத்திரை, இன்சுலின், இன்ஹேலர் தினமும் எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். கடையில் இல்லையென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால் அளவைக் கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். "பழைய பாட்டில்லயும் 5 மி.லி. தானே குடுத்தேன் சிஸ்டர்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும். சொட்டு மருந்து பாட்டிலில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு. எங்கள் கவுண்டரில் பாட்டில் மாறும்போதெல்லாம் அம்மாவின் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, கோடு போட்டுக் காட்டி, ஒருமுறை தண்ணீரில் எடுத்துக் காட்டச் சொல்கிறோம்.

பயிற்சியும் பராமரிப்பும்

அட்டை ஒட்டினால் மட்டும் கை பழகாது. ஷிஃப்ட் மாறும்போது, கூட்டம் இல்லாத நாளில், எக்ஸ்பைரி ஆன ஆம்பூலில் "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதி, ஒருத்தி கலக்க, இன்னொருத்தி அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். நிஜத்திலும் இருவர் பார்க்காமல் மாற்று மருந்து ஏறக் கூடாது. கணக்கை மனதுக்குள் போடாமல் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "பத்து கிலோ, ரெண்டு மில்லிகிராம், அஞ்சு மில்லிகிராம் ஆம்பூல், புள்ளி நாலு" என்று சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். கேட்கும் ஜூனியர் நர்ஸ் தப்பு என்று நினைத்தால் சீனியரைத் தடுத்துக் கேட்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் அந்த ஆம்பூல்களை அங்கேயே கழித்துவிட வேண்டும், டிரேக்குத் திரும்பக் கூடாது.

ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். முதலில் எக்ஸ்பைரி ஆவது முன்வரிசையில் இருக்கட்டும்.

வழக்கமான மருந்து திரும்ப வந்துவிட்டால், அன்றைக்கே மாற்றுச் சரக்கைக் கேஷுவாலிட்டி டிரேயிலிருந்து எடுத்து பார்மசிக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு ஸ்ட்ரென்த்தும் ஒரே டிரேயில் கிடக்கக் கூடாது. அட்டையில் சிவப்பு வட்டத்தை மாற்றி, தேதி போட்டு, ராத்திரி ஷிஃப்டுக்கு வருகிறவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.